அடுத்தவர் பணத்தில் மலையேறுவது சரியா?

மருத்துவ உதவிக்கு நிதி திரட்டுவதற்காக ஒரு தொண்டு நிறுவனம் தான்சானியாவில் உள்ள கிளிமஞ்சாரோ மலைக்கு ஆள் சேர்க்கிறது. 44 வயதில், ரத்த அழுத்தத்துக்குத் தினம் ஒரு மாத்திரை சாப்பிடும் நான் அதில் சேரலாமா, உடம்பு தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். “அடுத்தவர் காசில் சுற்றுலா போகப் பார்க்கிறாய், அந்தப் பணத்தை நேராக ஆஸ்பத்திரிக்கே கொடுத்தால் என்ன?” என்று அலுவலக நண்பர் ஒருவர் கேட்டாராம். உடம்பைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள் என்றாலும் உங்களை உறுத்துவது நண்பரின் அந்தக் கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. ஆகவே முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு உடம்புக்கு வருகிறேன். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன என்பதையும் போகப் போகப் பார்ப்பீர்கள்.

நான் மருத்துவர். இப்படிப்பட்ட குழுக்களோடு, குழு மருத்துவராக, கிளிமஞ்சாரோவுக்கும் எவரெஸ்ட் அடிவார முகாமுக்குமாக 11 முறை போயிருக்கிறேன். உயரத்தில் உடம்புக்கு என்ன நேர்கிறது என்பதில் எனக்குப் பயிற்சி உண்டு. தொண்டுக் கணக்கு வழக்கில் எனக்கு இருப்பது பட்டறிவு மட்டுமே. நான் தணிக்கையாளன் அல்ல. உங்களை நேரில் சோதிக்காமல் “தாராளமாகப் போகலாம்” என்று எழுதவும் மாட்டேன். எதையெல்லாம் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று சொல்ல முடியும். முடிவை உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும்.

இத்தகைய பயணங்களில் பணம் இரண்டு வழிகளில் ஓடுகிறது. முதல் வழியில், விமானக் கட்டணம் முதல் கூடாரம் வரை பயணச் செலவு முழுவதையும் நடப்பவரே கட்டிவிடுகிறார். அவர் திரட்டும் நன்கொடை அப்படியே தொண்டுக்குப் போய்ச் சேருகிறது. இரண்டாவது வழியில், குறைந்தது இவ்வளவு திரட்டியாக வேண்டும் என்று நிறுவனம் ஓர் இலக்கு வைக்கும். நடப்பவர் ஒரு சிறிய பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுவார். மிச்சச் செலவெல்லாம், வழிகாட்டியின் கூலியும் தேசியப் பூங்காவின் நுழைவுக் கட்டணமும் உட்பட, திரட்டிய நன்கொடையிலிருந்தே கழியும். இலக்கைப் பல மடங்கு தாண்டித் திரட்டுகிறவர்களிடம் இந்த வழியிலும் தொண்டுக்கு நல்ல தொகை மிஞ்சும். இலக்கைத் தொட்டவுடன் நிறுத்திக்கொள்கிறவர்களிடம், கொடுத்ததில் பாதிவரை பயணத்துக்கே போய்விட்டதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு குழந்தையின் அறுவை சிகிச்சைக்கு என்று நினைத்துக் கொடுத்தவர், தன் பணத்தில் பாதி ஒரு விமான இருக்கைக்குப் போனது என்று தெரிந்தால் என்ன நினைப்பார்?

உங்கள் நண்பரின் குத்தல் இரண்டாவது வழிக்கு நன்றாகவே பொருந்தும். முதல் வழியை அது தொடவே தொடாது. ஆகவே என் ஆலோசனை சுருக்கமானது: பயணச் செலவை நீங்களே கட்டுங்கள். ஓராண்டு சேர்த்து வைத்துப் போனாலும் பரவாயில்லை. நன்கொடை கேட்டு எழுதும் கடிதத்தின் முதல் பத்தியிலேயே, “என் செலவு என் கையிலிருந்து, நீங்கள் கொடுப்பது முழுவதும் மருத்துவத்துக்கு” என்று எழுத முடிந்தால், அந்த வரி உங்களுக்காகப் பாதி வேலையைச் செய்துவிடும். செலவின் ஒரு பகுதி நன்கொடையிலிருந்து போகிறது என்றால் அதையும் அதே இடத்தில், அதே எழுத்தளவில் சொல்லுங்கள். தெரிந்து கொடுப்பவரை நீங்கள் ஏமாற்றவில்லை. தெரியாமல் கொடுக்க வைப்பதைத்தான் நான் தவறு என்கிறேன்.

செலவைக் கட்ட வசதியில்லை என்றால்? கிளிமஞ்சாரோ வேண்டாம். வீட்டிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய மலை ஒன்றில் ஏறுங்கள்; ஒரு முறை போதவில்லை என்றால் ஒரே நாளில் மூன்று முறை ஏறி இறங்குங்கள். இதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டார் ஷஃபிர் என்ற இரு ஆய்வாளர்கள் 2013ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நன்கொடைக்காக ஒருவர் சுகமான ஒன்றைச் செய்யப்போகிறார் என்பதைவிட, வலியும் உழைப்பும் நிறைந்த ஒன்றைச் செய்யப்போகிறார் என்றால் மக்கள் கூடுதலாகக் கொடுக்க முன்வருகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. மனிதர் படும் துயரைத் தீர்க்கும் தொண்டு என்றால் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: கொடுக்கிற மனத்தைத் தொடுவது நீங்கள் படும் பாடு. மலை கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர், எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்பதெல்லாம் உங்களுக்குத்தான் முக்கியம்.

“நேராகக் கொடுத்தால் என்ன?” என்ற கேள்விக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. பயணச் செலவுக்கு ஆகும் தொகையை நீங்கள் ஒருவராகக் கொடுத்தால் அது ஒரு கொடை, அத்தோடு முடிந்தது. நீங்கள் நடந்தால் உங்களைத் தெரிந்த நூறு பேர் அந்தத் தொண்டின் பெயரைக் கேட்கிறார்கள். அதில் சிலர் அடுத்த ஆண்டும் கொடுக்கிறார்கள். இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன், ஆகவே நம்புகிறேன். அந்த நூறு பேர் தந்தது புதிய பணமா, வேறொரு நல்ல காரியத்துக்குப் போயிருக்க வேண்டிய பணம் திசைமாறி வந்ததா என்பது வேறு விஷயம். அதை யாரும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிறுவிவிடவில்லை. நிறுவிவிட்டதுபோலப் பேசும் விளம்பரங்களை நம்ப வேண்டாம்.

ஒரு பழைய கணக்கை இங்கே சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தின் டேசைட் பகுதியில், தொண்டுக்கு நிதி திரட்டப் பாராசூட்டில் குதித்தவர்களுக்கு ஏற்பட்ட காயங்களை 5 ஆண்டுகள் கணக்கெடுத்து 1999ல் வெளியிட்டார்கள். காயமடைந்து வந்த 174 பேரில் 94 விழுக்காட்டினர் தொண்டுக்காக முதன்முறை குதித்தவர்கள். அப்படிக் குதித்தவர்களில் 11 விழுக்காட்டினர் காயப்பட்டார்கள். ஒருவர் திரட்டியது சராசரியாக 30 பவுண்டு. திரட்டிய ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு மருத்துவச் சேவைக்கு 13.75 பவுண்டு செலவு வைத்தார்கள். உடல்நலத்துக்காகக் காசு சேர்க்கப் போய் மருத்துவமனைப் படுக்கைகளை நிரப்பியதுதான் மிச்சம். மலை நடைக்கு இந்த எண்கள் பொருந்தா. பாராசூட் வேறு, நடை வேறு. ஆனால் இந்தக் கணக்கு கேட்கும் கேள்வி பொருந்தும். நீங்கள் போகும் நாட்டில் ஆக்சிஜன் உருளையும் மருத்துவரும் தாராளமாக இல்லை. அவற்றுக்கு நீங்கள் ஒரு சுமையாகிவிடாமல் திரும்பி வருவதும் அந்தத் தொண்டில் ஒரு பகுதிதான்.

பணம் எங்கே போய்ச் சேருகிறது என்பதைப் பற்றியும் கொஞ்சம். கிளிமஞ்சாரோவுக்கும் மருத்துவ உதவிக்கும் பழைய உறவு ஒன்று உண்டு: 1956ல் மூன்று அறுவை சிகிச்சை மருத்துவர்கள் அந்த மலையடிவாரத்தில் உட்கார்ந்து பேசியதிலிருந்துதான், சாலையே இல்லாத ஊர்களுக்கு விமானத்தில் மருத்துவம் கொண்டுபோகும் திட்டம் பிறந்தது, 1957ல் தொடங்கிய அந்த அமைப்பு இன்று ஆம்ரெஃப் என்ற பெயரில் இயங்குகிறது. இமயத்தில் எட்மண்ட் ஹிலாரி தொடங்கிய அறக்கட்டளை 1966ல் குண்டே கிராமத்தில் ஒரு மருத்துவமனையைக் கட்டியது. இரண்டும் ஏன் நிலைத்தன? பணம் வந்த நாளில் மட்டுமல்லாமல் பணம் வராத மாதங்களிலும் அங்கே ஆள் இருந்தார்கள். நீங்கள் சேரப்போகும் நிறுவனத்திடமும் இதையே தேடுங்கள். வழியில் உள்ள கிராமங்களில் நடைப்பயணிகளே மருந்து கொடுக்கும் ‘ஒருநாள் முகாம்’ உண்டு என்று அவர்கள் பெருமையாகச் சொன்னால் எனக்கு உடனே தயக்கம் வருகிறது. ரத்த அழுத்தம் அதிகம் என்று ஒரு கிழவியிடம் சொல்லி, பத்து நாள் மாத்திரை கொடுத்துவிட்டு மலையேறிப் போய்விட்டால், பதினோராவது நாள் அவர் யாரிடம் போவார்? அந்த மருந்தை அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் ஒப்படைப்பதே முறை. தினம் மாத்திரை சாப்பிடும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி உடம்பு. உறுதியாகத் தெரிந்தவற்றை முதலில் சொல்கிறேன். மேலே போகப் போகக் காற்றில் ஆக்சிஜனின் பங்கு குறைவதில்லை. எங்கும் ஏறக்குறைய 21 விழுக்காடுதான். குறைவது காற்றின் அழுத்தம். சுமார் 5,500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியாகிவிடும். கிளிமஞ்சாரோவின் உச்சி 5,895 மீட்டர். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் உங்களுக்குக் கிடைப்பது பாதிக்கும் குறைவு. உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அவகாசம் கேட்கும். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட விதி. கிளிமஞ்சாரோவின் வழக்கமான பயணத் திட்டங்கள் பல இந்த விதியை மீறுகின்றன. மரங்கு என்ற பாதையில் 5 நாளில் போய்வருகிறவர் முதல் இரவு 2,720 மீட்டரிலும் அடுத்த இரவு 3,720லும் அதற்கடுத்த இரவு 4,720லும் படுக்கிறார். அங்கிருந்து அதே நள்ளிரவில் சிகரத்துக்குக் கிளம்புகிறார். நாளொன்றுக்கு ஆயிரம் மீட்டர்! நாள் குறைந்தால் செலவு குறையும், விடுப்பும் குறையும். ஆகவே நிறுவனங்கள் இதைத் தேர்வு செய்கின்றன. உங்கள் பயணம் மலையில் 7 நாளுக்குக் குறைவு என்றால் சேராதீர்கள். 8 நாள் என்றால் இன்னும் நல்லது.

இப்படி அவகாசம் கொடுக்காமல் ஏறும்போது வருவதுதான் உயர நோய். நல்ல உடற்கட்டு அதிலிருந்து காப்பாற்றாது. இதுவும் உறுதி. தினம் பத்து கிலோமீட்டர் ஓடுகிற 25 வயது இளைஞர் மூன்றாம் நாள் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடப்பார். அவர் பின்னால் ஆமைபோல வந்த 60 வயதுப் பெண்மணி சூப் குடித்துக்கொண்டிருப்பார். வேகமாக நடக்க முடிகிறவர்கள் வேகமாக நடப்பதால் வரும் வினை இது. அங்குள்ள வழிகாட்டிகள் நாள் முழுக்கச் சொல்லும் சுவாஹிலிச் சொல் ‘போலே போலே’, மெதுவாக மெதுவாக. உயர நோய் தலைவலியில் தொடங்கும். பசியின்மை, குமட்டல், தலைசுற்றல், சோர்வு கூடவரும். இந்த அளவில் அங்கேயே தங்கினால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். தள்ளாடி நடந்தாலோ பேச்சு குழறினாலோ மூளையில் வீக்கம் என்று பொருள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ இருமலில் நுரை வந்தாலோ நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. இந்த இரண்டுக்கும் மருந்து இறங்குவதுதான். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆக்சிஜனும் டெக்சாமெத்தசோன், நிஃபெடிபைன் போன்ற மருந்துகளும் இறங்குவதற்குத் துணை நிற்கும்; அவற்றைக் கொடுத்துவிட்டு அங்கேயே இருக்கலாம் என்று நினைப்பது ஆபத்து.

முன்கூட்டியே தடுக்க அசிட்டசோலமைடு என்ற மாத்திரை உண்டு. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை, ஏறத் தொடங்குவதற்கு முந்தின நாளிலிருந்து. இது வேலை செய்கிறது என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. விரல் நுனிகள் மரத்துப்போய் ஊசி குத்துவதுபோல இருக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். பயப்பட வேண்டியவை அல்ல. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களும், ரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பெருக்கி வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரிடம் பேசாமல் இதைத் தொடக் கூடாது. உங்கள் மாத்திரை எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். கட்டுக்குள் இருக்கும் ரத்த அழுத்தம் தன்னளவில் ஒரு தடை அல்ல. ஆனால் உயரத்தில் அது சில நாள் ஏறும், ஆகவே மாத்திரையை நிறுத்தவே கூடாது. இதய நோயோ, நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தமோ, அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை ரத்த நோயோ இருப்பவர்களிடம் இந்த மலை வேண்டாம் என்றே சொல்வேன்.

சந்தேகத்துக்கு உரியவையும் உண்டு. ஜின்கோ இலைச் சாறு உயர நோயைத் தடுக்கும் என்று சில ஆய்வுகள் சொல்ல, சில மறுக்கின்றன. நான் அதை எழுதிக் கொடுப்பதில்லை. ஐபுபுரூஃபன் ஓரளவு உதவுவதாகத் தெரிகிறது, ஆனால் வெறும் வயிற்றில் நாள்கணக்கில் சாப்பிட்டால் குடல் புண்ணாகும், ரத்த அழுத்தத்துக்கும் நல்லதல்ல. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைப் பார்த்து நாளைக்கு யாருக்கு நோய் வரும் என்று கணிக்கலாம் என்பார்கள். குளிர்ந்த விரலில் அது காட்டும் எண்ணை வைத்து நான் ஒருவரையும் மேலே அனுப்பியதில்லை. ‘ஆறு லிட்டர் தண்ணீர் குடித்தால் ஒன்றும் வராது’ என்பது வெறும் பேச்சு. தாகத்துக்குக் குடித்தால் போதும். அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து அதுவே ஒரு நோயாகும்.

தொண்டுக்கென்றே போகிறவர்களிடம் மட்டும் நான் திரும்பத் திரும்பப் பார்த்த ஆபத்து ஒன்று இருக்கிறது. இதற்காகவே இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். அவர்கள் மறைக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் கிளிமஞ்சாரோவின் பராஃபு முகாமில், 4,673 மீட்டரில், சிகரத்துக்குக் கிளம்ப வேண்டிய இரவுக்கு முந்தின மாலை. சாப்பாட்டுக் கூடாரத்தில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள், ஓர் ஆசிரியர் மட்டும் வெளியே ஒரு பாறையில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கியவர், வழி முழுக்க எல்லோரையும் உற்சாகப்படுத்திக்கொண்டு வந்தவர். முடிச்சுப் போடுவார், அது அவிழும், கயிற்றின் இரு முனைகளையும் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பார்ப்பார், மறுபடி தொடங்குவார். மூன்றாவது முறை பார்த்தபோது நான் எழுந்து போனேன். “ஒன்றுமில்லை டாக்டர், கை மரத்துவிட்டது” என்றார். தரையில் ஒரு கோடு கிழித்து, ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல் நுனியோடு சேர்த்துச் சேர்த்து வைத்து அதன்மேல் நடக்கச் சொன்னேன். மூன்று அடி வந்தார். நான்காவது அடியில் இடது பக்கமாகச் சாய்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“சார், தலைவலி எப்போதிலிருந்து?” என்று கேட்டேன். மூன்றாம் நாளிலிருந்து என்றார். யாருக்கும் தெரியாமல் பாரசிட்டமால் சாப்பிட்டுக்கொண்டே வந்திருக்கிறார். பிறகு முதுகுப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து விரித்தார். அவருக்கு நன்கொடை கொடுத்த ஒவ்வொருவரின் பெயரையும் அவருடைய மாணவர்கள் வண்ண மையில் எழுதியிருந்தார்கள். சிகரத்தில் விரித்துப் படம் எடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். “இவ்வளவு பேரிடம் காசு வாங்கிவிட்டேன் டாக்டர். எந்த முகத்தோடு இறங்குவது?” என்று கேட்டார். மூளை வீக்கம் தொடங்கிவிட்ட ஒரு மனிதர் கேட்ட கேள்வி அது. ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, இரண்டு வழிகாட்டிகள் இரு பக்கமும் தாங்க, அந்த இரவிலேயே இறக்கினோம். சுமார் 3,100 மீட்டரில் உள்ள ம்வேகா முகாமில் விடியற்காலையில் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார். மறுபடி கோடு கிழித்தேன், நேராக நடந்தார். ஊருக்குப் போனதும் நடந்தது நடந்தபடி எல்லோருக்கும் எழுதினார். ஒருவர்கூடப் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

கேட்கவும் மாட்டார்கள். புற்றுநோயால் ஒரு காலை இழந்த கனடா இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட 1980 ஏப்ரலில் நாட்டின் குறுக்கே செயற்கைக் காலோடு ஓடத் தொடங்கினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் செப்டம்பர் 1ஆம் தேதி தண்டர் பே அருகே நிறுத்த வேண்டியதாயிற்று. பாதியில் நின்ற ஓட்டம் அது. ஆனால் அடுத்த பிப்ரவரிக்குள் கனடியர் ஒருவருக்கு ஒரு டாலர் என்று அவர் கேட்ட தொகை, 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல், வந்து சேர்ந்துவிட்டது. ஓட்டம் முடிந்ததா என்று பார்த்து யாரும் கொடுக்கவில்லை. ஆகவே நன்கொடை கேட்கும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்: “நான் உச்சியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் உங்கள் பணம் போக வேண்டிய இடத்துக்குப் போகும். மருத்துவர் இறங்கச் சொன்னால் இறங்கிவிடுவேன்.” மலையில், தலை வலிக்கிற இரவில் இந்த இரண்டு வரிகள் உங்களைக் காப்பாற்றக்கூடும். சிகரத்தில் விரிப்பதாகப் பெயர்த் துணி, கொடி எதற்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். எடுத்துப் போங்கள், எந்த முகாமில் வேண்டுமானாலும் விரியுங்கள்.

பயிற்சிக்கு ஆறு மாதம் வையுங்கள். ஏறுவதைவிட இறங்கப் பழகுங்கள்; இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சிகரத்திலிருந்து ம்வேகா முகாம்வரை ஒரே நாளில் சுமார் 2,800 மீட்டர் இறங்க வேண்டும், அதுவும் தூங்காத இரவுக்குப் பிறகு. தொடைத் தசை இறக்கத்தில்தான் கிழிகிறது. வாரம் மூன்று நாள் படிக்கட்டில் முதுகுப்பையோடு ஏறி, அதைவிட மெதுவாக இறங்குங்கள். மாதம் ஒரு முறையாவது அடுத்தடுத்த இரண்டு நாள் நீண்ட தூரம் நடங்கள். இரண்டாம் நாள் வலி என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். புதுப் பூட்ஸை இப்போதே வாங்கி இந்த ஆறு மாதமும் அதிலேயே நடங்கள். விமானத்தில் ஏறும்போது அதைக் காலில் போட்டுக்கொள்ளுங்கள். பெட்டி தொலைந்தால் மற்றதெல்லாம் வாடகைக்குக் கிடைக்கும், காலுக்குப் பழகிய பூட்ஸ் கிடைக்காது. கால் நகங்களைக் கிளம்புமுன் ஒட்ட வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் இறக்கத்தில் முன்பக்கம் இடித்து இடித்துக் கறுத்துப்போகும்.

உங்கள் பையைச் சுமக்கப்போகிறவர்களையும் மறந்துவிட வேண்டாம். கிளிமஞ்சாரோவில் ஒரு சுமைதூக்கியின் சுமை 20 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது பூங்கா விதி. நுழைவாயிலில் தராசில் தொங்கவிட்டு நிறுக்கிறார்கள். விதி இருந்தும், கிழிந்த ஷூவோடும் மழைக்கோட்டு இல்லாமலும் வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் உயர நோய் வரும். மலையில் பிறந்தவர்களுக்கு வராது என்பது பொய். ஒரு பயணத்தில், எங்கள் குழுவில் யாருக்கும் ஒன்றுமில்லை என்று நான் நிம்மதியாக இருந்த இரவில், சமையல் கூடாரத்தின் மூலையில் ஒரு சுமைதூக்கிப் பையன் சுருண்டு இருமிக்கொண்டிருந்தான். யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து தினமும் மாலையில் முதலில் அந்தக் கூடாரத்துக்குத்தான் போகிறேன். ஒருவருடைய உடல்நலத்துக்கு நிதி திரட்டிக்கொண்டு இன்னொருவருடைய உடல்நலத்தை மிதித்து ஏறுவதை என்னால் ஏற்க முடியாது. சுமைதூக்கிகளின் கூலி, உணவு, உடை ஆகியவற்றைக் கண்காணிக்கும் கிளிமஞ்சாரோ சுமைதூக்கிகள் உதவித் திட்டம் என்ற பெயரில் தொடங்கிய அமைப்பு அங்கே இருக்கிறது. உங்கள் பயண நிறுவனம் அதோடு இணைந்ததா என்று கேளுங்கள்.

பதிவுக் கட்டணம் கட்டுமுன் தொண்டு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். நான் திரட்டுவதில் எவ்வளவு பயணத்துக்குப் போகிறது, மிச்சம் எந்த வேலைக்கு? இலக்கை எட்டாவிட்டாலோ, கிளம்புமுன் எனக்கு உடம்பு சரியில்லாமல் போனாலோ, ஏற்கெனவே வந்த நன்கொடை என்னவாகும்? மலையில் எத்தனை இரவு, ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில்? குழுவோடு மருத்துவர் வருகிறாரா, ஆக்சிஜன் எத்தனை உருளை, ‘இறங்கு’ என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? இந்தக் கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அந்தக் குழு வேண்டாம். காப்பீட்டை நீங்களே படித்துப் பாருங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்லாது. 6,000 மீட்டர்வரை நடைப்பயணமும் ஹெலிகாப்டர் மீட்பும் அடங்கும் என்று வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும்.

உங்கள் நண்பரிடம் கோபப்பட வேண்டாம். அவர் கேட்டது நியாயமான கேள்வி. நீங்கள் பணம் கேட்கப்போகும் பலர் அதை மனத்துக்குள் கேட்டுக்கொண்டு வாய்திறக்காமல் இருப்பார்கள். நிறுவனத்தின் பதில் வந்ததும் கணக்கை முதலில் அவரிடமே காட்டுங்கள். அவர் சமாதானமாகி முதல் நன்கொடையைத் தருகிறாரா என்று பாருங்கள். ரத்த அழுத்த மாத்திரையின் பெயரையும் பயணத்தின் நாள்வாரித் திட்டத்தையும் இங்கேயே எழுதினால், இரவு தங்கும் உயரங்களைப் பார்த்து என் கருத்தைச் சொல்கிறேன்.